காலில் ஊற்றிய தண்ணீர்

கதிர்,

நலமா என்று கேட்கப் போவதில்லை. நீ நலமாக இல்லை என்பது எனக்குத் தெரியும். கோலாலம்பூரில் ஏதோ ஒரு கடைவீட்டு மாடியில், சட்டைக்குள் குப்பை போடும் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு, மதிய வெயிலில் கயிறு தாண்டிக்கொண்டிருப்பாய். உதடு வெடித்திருக்கும். எச்சிலைக்கூட விழுங்காமல் போத்தலில் துப்பி வைத்திருப்பாய். எல்லாம் அடுத்த சண்டைக்கு முன்னால் நீ ஏறப்போகும் ஒரு தராசின் முள்ளுக்காக. போன வாரம் பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கும்போது என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா? "ஒங்களுக்கு ஒன்னும் தெரியாதும்மா. இந்தத் தடவ நான் பாத்து எறங்குறேன்லா" என்றாய். எடையைக் குறைப்பதற்கு நீ வைத்திருக்கும் பெயர் இறங்குவது. கிணற்றில் இறங்குகிறவன்கூட இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டுதான் இறங்குவான். நீ கயிற்றை அறுத்துவிட்டு இறங்குகிறாய், மேலே நிற்கும் என்னை வாயை மூடிக்கொண்டிருக்கச் சொல்கிறாய். மூட முடியாது.

இதை உனக்கு மட்டும் அனுப்பினால் நீ பார்த்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைப்பாய். அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். மானத்தை வாங்குகிறீர்களே அம்மா என்று நீ கத்துவாய். கத்து. தைப்பூசத்துக்கு விரதம் என்று ஊர் முழுக்கச் சொல்லி, எங்கள் காதில் பூச்சுற்றினாயே, அப்போது என் மானம் எங்கே போனது? நீ ஊரறியப் பொய் சொன்னாய், நான் ஊரறியக் கோபப்படுகிறேன். கணக்கு சரியாகிவிட்டது. உன்னைப் போல் பட்டினி கிடந்து கையுறை மாட்டும் பிள்ளைகளின் அம்மாமார்களும் இதைப் படிக்கட்டும்.

எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொன்னாய் இல்லையா, அதிலிருந்தே தொடங்குகிறேன். ஈப்போ புந்தோங்கில் மோட்டார் பட்டறைக்கு மேலே இருந்த அந்தக் கூடத்தில் நீ முதல்முதலாகக் குத்துச்சண்டை பழகப் போனபோது, உனக்காகப் படிக்கட்டில் காத்திருந்தவள் நான். வியர்வையில் ஊறிய கைக்கட்டுத் துணியைத் துவைத்து, காயவைத்து, சுருட்டி வைத்தவள் நான். ஆரம்பத்தில் யாராவது உன்னை அடித்தால் கண்ணை மூடிக்கொள்வேன். அப்புறம் கண்ணைத் திறக்கப் பழகினேன். கையைப் பார்த்தால் பயம் வரும், அதனால் காலைப் பார்த்தேன். பார்க்கப் பார்க்கத்தான் தெரிந்தது, சண்டை நடப்பதே காலில்தான் என்று. குதிகால் தரையில் ஒட்டிவிட்டால் அவன் களைத்துவிட்டான். பின்கால் திரும்பாமல் வீசிய குத்தில் பலமே இல்லை. இடது கையால் குத்திவிட்டு அதைக் கன்னத்துக்குத் திரும்பக் கொண்டுவராதவன் அடுத்த நொடி வாங்கிக் கட்டிக்கொள்வான். கோபப்பட்டவனுக்குத் தோள் இறுகிவிடும், தோள் இறுகினால் கை தாமதமாகத்தான் போய்ச் சேரும். இதெல்லாம் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. பெற்ற பிள்ளை அடி வாங்குவதை அத்தனை வருடம் உட்கார்ந்து பார்த்தால் எந்தத் தாய்க்கும் தெரிந்துவிடும்.

லகாட் மண்டபத்தில் நடந்த அந்தச் சண்டையை நினைத்துப் பார். எதிரே நின்றவன் தென்னை மரம் மாதிரி இருந்தான். அவன் கை நீண்டு நீண்டு வந்து உன் நெற்றியைத் தட்டிக்கொண்டே இருந்தது. முதல் சுற்று முடிந்து மூலையில் உட்கார்ந்தபோது உன் மூக்கில் ரத்தம். இரண்டாவது சுற்றில் நீ தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு, முழங்காலை மடக்கி, அவன் இடக்கைக்கு அடியில் நுழைந்தாயே! உள்ளே போனதும் அவன் நீளமெல்லாம் அவனுக்கே பாரமாகிவிட்டது. விலாவில் இரண்டு பக்கமும் குத்திவிட்டு, அவன் கை திரும்புவதற்குள் பக்கவாட்டில் வெளியே வந்துவிட்டாய். பக்கத்தில் உட்கார்ந்திருந்த உன் அப்பா, எப்போதும் பேசாத மனுசன், "பாத்தியா, பாத்தியா, நம்ம பையன்லா!" என்று என் முழங்கையைப் பிடித்து உலுக்கினார். புள்ளிக் கணக்கில் நீ தோற்றாய். ஆனால் வெளியே வந்து வீங்கிய கண்ணோடு மூன்று ஆள் சாப்பாட்டை ஒருவனாகச் சாப்பிட்டுவிட்டு, "அடுத்த தடவ அவன வுட மாட்டேம்மா" என்று வாயெல்லாம் மீ கோரேங்கோடு சிரித்தாய். அன்று உன் கால் உன் சொல்லைக் கேட்டது. உன் வயிறும் நிறைந்திருந்தது.

பிறகு இந்தக் கோச் வந்தார். பணத்துக்கு ஆடும் சண்டை, பெரிய மேடை, விளக்கு என்றெல்லாம் சொன்னார். நம் வீட்டுக்கு வந்து, நான் நுரை வர ஆற்றிக் கொடுத்த தே தாரேக்கைக் குடித்துக்கொண்டே, "அக்கா, இவன் ஒடம்புக்கு ரெண்டு எடைப் பிரிவு கீழ எறங்கி ஆடுனா அங்க உள்ளவன்லாம் இவன் முன்னால சின்னப் பசங்கக்கா" என்றார். எப்படி இறங்குவது என்று கேட்டேன். சாப்பாட்டைக் குறைத்து, கடைசி நாட்களில் தண்ணீரை நிறுத்தி, வியர்க்க வைத்து உடம்பைப் பிழிந்து எடுப்பார்களாம். தராசில் ஏறி இறங்கியதும் மறுநாள் சண்டைக்குள் எல்லாவற்றையும் குடித்துத் தின்று திரும்ப ஊதிக்கொள்ளலாமாம். "சோத்த வுட்டுட்டு என்னா சண்டை? எம்புள்ள அவன் எடையிலேயே ஆடட்டும், இல்லாட்டி ஆட வேணாம்" என்று அவர் முகத்துக்கு நேராகச் சொன்னேன். நீயும் அப்போது தலையை ஆட்டினாய். சரி, பிள்ளைக்குப் புத்தி இருக்கிறது என்று நினைத்தேன்.

அதற்கப்புறம்தான் ஒரு நாள் என் முன்னால் வந்து, "அம்மா, இந்த வருசம் தைப்பூசத்துக்கு நம்ம தோட்டத்துக் கோயில்ல காவடி எடுக்கப் போறேன். வெரதம் இருக்கணும்" என்றாய். எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? கோயில் பக்கமே தலைகாட்டாத பிள்ளை, கோப்பெங் பக்கம் நான் பிறந்த ரப்பர் தோட்டத்தில், மரமெல்லாம் போய் வரிசை வரிசையாக வீடு முளைத்த பிறகும் அப்படியே நிற்கும் அந்தக் கோயிலில் காவடி எடுக்கிறேன் என்கிறான். அழுதுவிட்டேன். அன்றைக்கே மீன் சட்டியைக் கழுவிக் கவிழ்த்தேன். உன் அப்பா கமுந்திங்குக்கு லோரி ஓட்டிவிட்டு வந்து வழக்கமாகக் குடிக்கும் பீரை விட்டார். நீ தரையில் படுத்தாய், அவரும் முதுகு வலியோடு உன் பக்கத்தில் பாயைப் போட்டார். லகாட்டில் இருக்கும் உன் பெரியம்மாவுக்குப் போன் போட்டுப் பெருமையடித்தேன். ஒரு வேளைதான் சாப்பிடுகிறான், அதிலும் பாதியை ஒதுக்கிவிடுகிறான், அவ்வளவு பக்தி என்று. உச்சி வெயிலில் தடித்த சட்டையோடு ஓடினாய், பிள்ளை உடம்பை வருத்திக்கொள்கிறான் என்று நினைத்தேன். குளியலறையில் கொதிக்கும் தண்ணீரைத் திறந்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு ஆவியில் உட்கார்ந்தாய், தியானம் என்று நினைத்தேன். என் தலையில் மிளகாய் அரைக்க முருகன் பெயரா உனக்குக் கிடைத்தது? ஒரு பழம் கிடைக்கவில்லை என்று கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போன சாமிடா அவன். அவன் பெயரைச் சொல்லியா சோற்றைத் தள்ளினாய்?

தைப்பூசத்தன்று நடந்ததையும் எழுதிவிடுகிறேன். ஆற்றங்கரையிலிருந்து நீ காவடியோடு கிளம்பினாய். வழியெல்லாம் பெண்கள் மஞ்சள் தண்ணீரோடு நின்று உன் காலைக் கழுவினார்கள். முன்பு தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணியின் வீடு இருந்த திருப்பத்துக்கு வந்தபோது உன் முழங்கால் மடங்கியது. உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. கண் மேலே செருகிக்கொண்டது. உறுமிக்காரர்கள் உன்னைச் சுற்றி வந்து இன்னும் வேகமாக அடித்தார்கள். "எம்புள்ளைக்கு சாமி எறங்கிருச்சு! வெலகுங்க, வெலகுங்க!" என்று உன் அப்பா கத்தினார், கண்ணெல்லாம் தண்ணீர். ஒருத்தி ஓடி வந்து, "சாமி, என் மவளுக்கு எப்ப சாமி கல்யாணம் ஆவும்?" என்று வாக்குக் கேட்டாள். நீ "தண்ணி... தண்ணி..." என்றாய். உடனே எல்லோரும், சாமி தண்ணீர் கேட்கிறது, ஊற்றுங்கள், ஊற்றுங்கள் என்றார்கள். நான்தான் ஊற்றினேன், கதிர். என் கையில் இருந்த பித்தளைச் செம்பிலிருந்து, குளிரக் குளிர, உன் காலில் ஊற்றினேன். தொண்டை காய்ந்து சாகக் கிடக்கும் பிள்ளையின் பாதத்தில் ஊற்றிவிட்டு, அந்த ஈரத்திலேயே விழுந்து கும்பிட்டேன்.

அதோடு விடவில்லை. எழுந்து, என்னவோ மனது கேட்காமல், செம்பில் மிச்சமிருந்ததை உன் வாயருகே கொண்டுவந்தேன். நீ உதட்டை இறுக்கி மூடித் தலையைத் திருப்பிக்கொண்டாய். விரதத்தில் எவ்வளவு உறுதி என்று அதற்கும் ஒரு கும்பிடு போட்டேன். இப்போதுதான் தெரிகிறது. தண்ணீர் கேட்டது உன் உடம்பு. வாயை மூடியது மறுநாள் நீ ஏறப்போகும் தராசு. அந்தக் கணத்தில் உனக்கு நினைவு இருந்திருக்கிறது. பெற்றவள் காலில் விழுந்து கிடப்பதும் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை நீ. மற்றதையெல்லாம் ஒருவேளை மன்னித்துவிடுவேன், இதை நினைத்தால் மட்டும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

காவடிக்குப் பின் வரும் இடும்பன் பூசை முடியாமல் விரதத்தை முடிக்கக் கூடாது என்று அதற்குமேலும் சாப்பிடவில்லை. அவசர வேலை என்று மறுநாள் விடிந்ததும் கோலாலம்பூருக்கு பஸ் ஏறினாய். "சாமி காரியத்த பாதியில வுட்டுட்டுப் போறானே" என்று உன் அப்பா முணுமுணுத்தார். அதற்கடுத்த நாள், நீ மேடையில் விழுந்துவிட்டாய் என்று உன் கூட்டாளி போன் செய்தபோதுதான் அப்படி ஒரு சண்டை இருந்ததே எங்களுக்குத் தெரிந்தது. நாங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது உன் ஒரு கையில் ஊசி, இன்னொரு கையில் ஊசி, மூத்திரப் பையில் பால் விடாத தே ஓ நிறத்தில் ஏதோ கொஞ்சம். டாக்டரம்மா தமிழ்ப் பெண். உடம்பில் தண்ணீர் இல்லாதவன் தலையில் அடிபட்டால் மூளை உள்ளே எப்படி ஆடும் என்றும், உன் சிறுநீரகம் எந்த நிலையில் இருக்கிறது என்றும் பொறுமையாக விளக்கினார். எத்தனை நாளாகப் பிள்ளை சாப்பிடவில்லை என்று கேட்டார். தைப்பூச விரதம் டாக்டர் என்று நான் சொன்னேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாரே, அந்தப் பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும்.

அன்று உன்னை அடித்து வீழ்த்திய பையனும் வந்தான். ஃபைசால், கமுந்திங்காரன். கையில் ஒரு பை நிறைய இளநீர். கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், அவனைப் பார்த்தால் அவனையும் ஒரு கட்டிலில் போடலாம் போலிருந்தது. தலையைக் குனிந்துகொண்டு, தெரிந்த கொஞ்சம் தமிழில், "ஆன்டி, நானும் தண்ணி குடிக்கல, ஆன்டி. நானும் அவன மாறிதான்" என்றான். உனக்கு அவன் சின்னவனாக இருப்பான் என்று உன் கோச் உன்னை இறக்கினார். அவனுக்கு நீ சின்னவனாக இருப்பாய் என்று அவன் கோச் அவனை இறக்கியிருக்கிறார். கடைசியில் மேடையில் நின்றது இரண்டு காய்ந்த உடம்பு. இதற்கு நீங்கள் இரண்டு பேரும் நன்றாகச் சாப்பிட்டுவிட்டே அடித்துக்கொண்டிருக்கலாமே! எந்த மடையன் கண்டுபிடித்தான் இந்த வித்தையை?

அந்தச் சண்டையை உன் கூட்டாளியின் போனில் பார்த்தேன். திரும்பத் திரும்பப் பார்த்தேன். மணி அடித்ததுமே உன் குதிகால் தரையில் ஒட்டியிருந்தது. வாய் திறந்திருந்தது. இடக்கையால் குத்தினாய், கை இடுப்புக்குத் திரும்பியது, கன்னத்துக்கு வரவில்லை. அவன் வலக்கை வந்தது. அது பெரிய குத்தே இல்லை கதிர். லகாட்டில் அதைவிடப் பலமானதை நெற்றியில் வாங்கிக்கொண்டு முன்னால் போனவன் நீ. இந்தச் சண்டையில் தலையைக்கூட ஒதுக்கவில்லை, பார்த்துக்கொண்டே நின்றாய். உன்னை வீழ்த்தியது ஃபைசால் இல்லை. அவன் குத்த வருமுன்னே நீயே உன்னைப் பாதி கொன்றுவிட்டு வந்து நின்றிருந்தாய்.

வீரம், மனோதிடம் என்று நீ பேசுவாய். பசியை அடக்குகிறவன்தான் சண்டைக்காரன் என்று உன் கோச் சுவரில் எழுதி வேறு ஒட்டியிருக்கிறாராம். என் அப்பா, உன் தாத்தா, வெறும் வயிற்றோடு பாலெடுக்க ரப்பர் மரம் வெட்டப் போயிருக்கிறார். வீட்டில் ஒன்றும் இல்லாததால் போனார். அதை எங்கள் லயத்து வீடுகளில் ஒருவரும் வீரம் என்று சொன்னதில்லை, வாயைக் கட்டிக்கொண்டு வயிறு எரிந்தோம். எப்படியாவது பிள்ளைகள் பசி தெரியாமல் வளரட்டும் என்றுதான் தோட்டத்தை விட்டு ஈப்போவுக்கு வந்தோம். நீ குளிர்ப்பெட்டி நிறையச் சாப்பாட்டை வைத்துக்கொண்டு பட்டினி கிடக்கிறாய். எதற்கு? உன்னைவிடச் சின்னவனாகப் பார்த்து அடிப்பதற்கு. இதற்கு என்ன பெயர் என்று நீயே சொல். நான் சொன்னால் கெட்ட வார்த்தையாக வந்துவிடும். உன் எடையில் உன் அளவு ஆளோடு நிற்கப் பயம் என்று நேரடியாகச் சொல்லிவிட்டுப் போ, அதையாவது மதிப்பேன்.

மேல் எடையில் எல்லோருக்கும் கை நீளம், எனக்கு எட்டாது என்கிறாய். எட்டாவிட்டால் உள்ளே போ. லகாட்டில் போனாயே, அதே மாதிரி. முழங்காலை மடக்கு, தாடையை மறை, அவன் கை நீண்டு முடியும் இடத்தில் நிற்காதே, தொடங்கும் இடத்தில் போய் நில். அதற்குக் கால் வேண்டும். காலுக்குச் சோறு வேண்டும். தோற்றால் தோற்றுவிட்டு வா, வீங்கிய முகத்தோடு வீட்டுக்கு வந்து சாப்பிடு. தோற்ற பிள்ளைக்குச் சோறு போட எனக்குத் தெரியும். ஊசி குத்திய இரண்டு கையோடு படுத்திருக்கும் பிள்ளைக்கு எப்படி ஊட்டுவது என்றுதான் தெரியாமல் நின்றேன்.

உன் கோச்சுக்கும் போன் செய்தேன். "அக்கா, இந்தத் தடவ டாக்டர வெச்சிதான் எறக்குறோம், கவலப்படாதீங்க" என்றார். டாக்டரை வைத்துக்கொண்டு இறக்குகிறார்களாம்! நான் கத்தவில்லை. தோள் இறுகக் கூடாது என்று உன்னைப் பார்த்தே கற்றுக்கொண்டவள் இல்லையா, மூச்சை விட்டு, நிதானமாக, எடை பார்ப்பது எங்கே, எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டேன். அம்மா ஆசீர்வாதம் பண்ண வருகிறாள் என்று நினைத்திருப்பார். சந்தோஷமாகச் சொல்லிவிட்டார்.

உன் அப்பா லோரிக்கு லீவு சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் பிறகு உன் கையுறையை வீட்டில் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிற மனுசன், "நானும் வாரேன்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். நாங்கள் பட்டினி கிடந்து உன்னை மிரட்டப் போவதில்லை. அதெல்லாம் உன் வித்தை. மீன் சட்டியை நிமிர்த்திவிட்டேன், வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்புவோம். காமிராவும் கோச்சும் கூட்டமும் பார்க்க, நீ உள்ளாடையோடு தராசில் ஏறப்போகும் அந்த இடத்துக்கு, எந்தக் காவலாளி தடுத்தாலும் வந்து நிற்பேன். தைப்பூசத்துக்குக் கொண்டுவந்த அதே பித்தளைச் செம்பை எடுத்து வருகிறேன். புளி போட்டுத் தேய்த்து வைத்திருக்கிறேன். உள்ளே மஞ்சள் இருக்காது, வேப்பிலை இருக்காது, வெறும் தண்ணீர். முள் மேலே போனால் போகட்டும். சண்டை நின்றால் நிற்கட்டும். அன்றைக்கு நீ கேட்டபோது புத்தி கெட்டுக் காலில் ஊற்றினேன். இந்தத் தடவை நீ கேட்காமலே கொண்டுவருகிறேன்.

வாயைத் திறடா.

அம்மா